சொல்லிட்டுத்தான் போகணும்

என் அக்காவுக்கு அப்பா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை இப்போது யாரும் சொல்வதில்லை. வீட்டில் எல்லோருக்கும் அவள் ஐ.நா. பட்டத்தைக் கொடுத்தவரும் அதே அப்பாதான்.

நாங்களும் பெரியப்பா குடும்பமும் ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டு குடியிருந்தோம். சுவரைப் பிரித்தவர்களால் பின்பக்கத்துத் தண்ணீர்க் குழாயைப் பிரிக்க முடியவில்லை. விடிந்தால் வாளிச் சத்தம், அதற்கு மேல் பெரியம்மா சத்தம், அதற்கும் மேல் எங்கள் அம்மா சத்தம். அக்கா அப்போது பள்ளிக்கூடத்துப் பெண். ஒருநாள் சாக்பீஸ் எடுத்துப் போய்க் குழாயைச் சுற்றிக் கோடு போட்டாள். காலையில் நாங்கள், சாயங்காலம் அவர்கள், கோட்டுக்குள் யார் வாளி இருக்கிறதோ அவர்களை அவசரப்படுத்தக் கூடாது. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் அதை ஒத்துக்கொண்டதுதான் ஆச்சரியம். "நம்ம வீட்டுக்கு ஐ.நா. வந்துடுச்சுடா" என்று அப்பா சிரித்தார். பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்தக் கோடு சில வருஷம் தாங்கியது. அப்புறம் பெரியப்பாவின் பையன்கள் வளர்ந்து தோளும் மீசையுமாக வந்து நின்றார்கள். அப்பாவுக்கு அந்தச் சமயம் பார்த்து உடம்பு படுத்தியது. ஒரு காலையில் அவர்கள் வாளி கோட்டுக்குள் இருந்தது. சாயங்காலமும் அங்கேயே இருந்தது. நான் கத்தினேன். அக்கா கத்தவில்லை. "கோடு அழியலடி. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ன ஆளுங்க இளைச்சுட்டோம்" என்றாள். பிற்பாடு அவள் கல்லூரியில் பாடம் நடத்தும்போது இதற்கு அதிகாரச் சமநிலை என்று பெரிய பெயர் இருப்பதாகச் சொன்னாள். பெயர் எதுவாக இருந்தால் என்ன, அன்றைக்கு எங்களுக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை.

அவள் படித்தது, வேலைக்குப் போனது எல்லாம் அந்தக் குழாயடியிலிருந்து கிளம்பியதுதான் என்பது என் கட்சி. கல்லூரியில் அவள் நடத்தியது முதல் வருஷத்துப் பிள்ளைகளுக்கான பாடம், 'சர்வதேச உறவுகள்: ஓர் அறிமுகம்'. நாடு என்றால் என்ன, இறையாண்மை என்றால் என்ன, நாடுகள் ஏன் சண்டை போடுகின்றன, போடாதபோது ஏன் போடாமல் இருக்கின்றன. மேல் வகுப்புப் பாடம் எத்தனை முறை வந்தும் வேண்டாம் என்றுவிட்டாள். "ஒண்ணும் தெரியாம வர்ற முகத்தைப் பாக்கணும்டி, அதுல ஒரு சுகம்" என்பாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம், "நான் அணிசேரா நாடு" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவாள்.

எனக்குக் கல்யாணம் நடந்தது. நடந்த லட்சணத்தை இங்கே சொல்லப் போவதில்லை. ஒரு மத்தியானம் கையில் ஒரு பையோடு அவள் வாடகை வீட்டு வாசலில் போய் நின்றேன். அக்கா கதவைத் திறந்தாள், பையை வாங்கினாள், உள்ளே போய்ப் பாய் விரித்தாள். என்ன, ஏது, யார் மேல் தப்பு என்று அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கு வரைக்கும் கேட்டதில்லை. "அடைக்கலம்னு வந்தா கேள்வி கேக்கக் கூடாது" என்றாள். அதனால்தான் அவளுக்காக யாருடைய குடுமியையும் பிடிக்க நான் தயாராக இருந்தேன். அதனால்தான் இப்போது வயிறு இப்படி எரிகிறது.

வீட்டின் கீழ்ப்பகுதியில் ஒரு சின்னக் கடை காலியாக இருந்தது. அங்கே பார்லர் வைத்தேன். முடி வெட்டுவது, சாயம் போடுவது, புருவம் திருத்துவது. கை நன்றாக வரும். வாய் அதைவிட நன்றாக வரும். எனக்கு அக்கா வைத்த பெயர் அணுகுண்டு. "உன்னை வச்சிருக்கறதே போடாம இருக்கத்தான். இருக்குன்னு எதிராளிக்குத் தெரிஞ்சாப் போதும்" என்பாள்.

அவள் பாடத்தில் பாதி என் கடையிலிருந்து போனது. தெருவில் எனக்கு நேர் எதிரே இன்னொரு பார்லர். என் கடை இருட்டாக இருக்கிறதே என்று பெரிய விளக்கு ஒன்று மாட்டினேன், அவ்வளவுதான். எதிர்க்கடைக்காரி அதைப் பார்த்துவிட்டு இரண்டு விளக்கு மாட்டினாள். நம் வாடிக்கையை இழுக்கிறாளே என்று நான் வாசலில் கண்ணாடி வைத்தேன். அவள் சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்தாள். கடைசியில் தெருவில் போகிற வண்டிக்காரர்கள் கண் கூசுகிறது என்று எங்கள் இரண்டு பேரையும் திட்டினார்கள். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "நீயும் அவளைக் கெடுக்க நெனைக்கல, அவளும் உன்னைக் கெடுக்க நெனைக்கல. ஆனா ரெண்டு பேருக்கும் தூக்கம் போச்சு. இதைப் புரியவைக்க நான் ஒரு வாரம் தொண்டை கிழியக் கத்தறேன்" என்று சொல்லி, மறுநாள் வகுப்பில் என்னையும் எதிர்க்கடைக்காரியையும் கரும்பலகையில் ஏற்றிவிட்டாள். அதற்குப் பிறகு பிள்ளைகள் கும்பலாக வந்து இரண்டு கடைகளையும் வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். ஒன்றுகூட முடி வெட்டிக்கொள்ளவில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை அவள் வகுப்பில் 'நாடு விளையாட்டு' நடக்கும். கல்லூரி முழுக்க அதற்குப் பேர். வகுப்பு நாற்காலிகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் சாக்பீஸால் எல்லைக்கோடு போடுவார்கள். பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் பிரிந்து நாடுகள் ஆவார்கள். ஒரு நாட்டிடம் தண்ணீர், ஒன்றிடம் தானியம், ஒன்றிடம் படை, ஒன்றிடம் ஒன்றுமே இல்லை. அக்கா நடுவில் நின்று சொல்வாள்: "இனிமே இந்த ரூம்ல டீச்சர் கிடையாது. போலீஸ் கிடையாது. கோர்ட் கிடையாது. உங்களுக்கு மேல யாருமே இல்ல. இப்ப வாழ்ந்து காட்டுங்க." சொல்லிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு, நடைபாதையில் கிடக்கும் மரப் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவாள்.

உள்ளே இரைச்சல் கூரையைத் தூக்கும். கூட்டணி வைப்பார்கள், உடைப்பார்கள், ஒரு நாட்டையே மூலையில் தள்ளிப் பட்டினி போடுவார்கள். ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு பிள்ளை அழுதுகொண்டே கதவைத் திறந்து வரும். "மேடம், சேர்ந்து இருப்போம்னு சொன்னா மேடம். ஏமாத்திட்டா." அக்கா அசைய மாட்டாள். "நான் மேடம் இல்ல. நான் இந்த பெஞ்சு. வெளிய யாரும் இல்லம்மா, உள்ள போய்க் கேளு." பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போகும். நானே ஒருமுறை பார்த்துவிட்டு, "உனக்கு ஈவு இரக்கமே இல்லையா?" என்று சண்டைக்குப் போனேன். "நாடு வேற, மனுஷன் வேறடி. நாட்டுக்கு மேல யாரும் இல்ல. மனுஷனுக்கு ஆள் இருக்கு, சட்டம் இருக்கு, வெக்கம் மானம் இருக்கு. அந்த வித்தியாசம் புரியணும்னுதான் வெளிய உக்காரறேன்" என்றாள். நம்பித்தான் சொன்னாள், பாவி.

அந்தப் பெஞ்சில் அவளோடு கூட உட்காருகிற இன்னொருத்தி உண்டு. அதே பாடத்தின் அடுத்த பகுதியை நடத்துகிறவள். இரண்டு பேரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே மேஜை, ஒரே பிளாஸ்க், ஒரே குடை. நான் அவளுக்கு 'நேசநாடு' என்று பெயர் வைத்தேன். முகத்துக்கு நேரே அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சனிக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் என் கடைக்கு வருவார்கள். நேசநாட்டுக்குப் பின்னந்தலையில் ஒரு பொல்லாத சுழி. எப்படி வெட்டினாலும் முடி குத்திட்டு நிற்கும். எனக்குத்தான் அது படியும். கண்ணை மூடிக்கொண்டு என் கத்தரிக்குக் கீழே தலையைக் கொடுத்துவிட்டுத் தூங்கிப்போவாள். அவ்வளவு நம்பிக்கை.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் அந்தச் சேதியோடு வந்தார்கள். கல்லூரியில் இவர்கள் பிரிவை வரலாற்றுத் துறையோடு சேர்க்கப் போகிறார்களாம். சேர்த்த பிறகு ஒரு ஆள் போதுமாம். இரண்டு பேரில் ஒருத்தி வீட்டுக்குப் போகவேண்டும். வேலைக்கு ஆபத்து என்பது எனக்கு உறைத்தது. அக்காவுக்கு உறைத்தது வேறு. அந்த முதல் வருஷ வகுப்பு இல்லாமல் அவளுக்கு ஒரு நாளும் விடிந்ததில்லை.

"ஒருத்தியா யாரும் போய்ப் பேசக் கூடாது. வச்சா ரெண்டு பேரையும் வைக்கட்டும், இல்லேன்னா ரெண்டு பேரும் வேணாம்" என்றாள் நேசநாடு. தலையில் சாயம் பூசித் துண்டு கட்டி உட்கார்ந்திருந்தாள்.

அக்கா உடனே வாத்தியார் ஆகிவிட்டாள். "ஒரு ஷரத்து விட்டுப்போச்சு. எந்த ஒப்பந்தத்துக்கும் வெளியேற ஒரு கதவு வேணும். கதவு வைக்கலேன்னா சுவத்தை உடைச்சுக்கிட்டுப் போவாங்க. யாருக்காவது மனசு மாறுச்சுன்னா மாறட்டும், கோச்சுக்க வேணாம். ஆனா சொல்லிட்டுத்தான் போகணும்."

"ஐயோ, இந்தத் தலைவலியில உனக்குப் பாடமா?" என்று நேசநாடு சிரித்தாள். "சரிம்மா, சொல்லிட்டுத்தான் போகணும்."

"இதை யாராவது மீறினா?" என்று நான் கேட்டேன்.

"அதுக்குத்தான் நீ இருக்க. ரெண்டு பேருக்கும் நடுவுல உத்தரவாதம் குடுக்கற நாடு நீ. எவ மீறினாலும் அவ மேல அணுகுண்டு" என்றாள் அக்கா. நான் சாயக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு பேர் கையையும் என் ரப்பர் கையுறைக்குள் பிடித்துக் குலுக்கினேன். மூன்று பேரும் சிரித்தோம். நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

சில நாளில் பிரின்சிபால் இரண்டு பேரையும் கூப்பிட்டு அனுப்பினார். இங்கேதான் என் அக்கா ஒரு காரியம் செய்தாள். உலகத்தில் வேறு எவளும் செய்யமாட்டாள். அறை வாசல் வரைக்கும் போய்விட்டு, "நீ போ. ரெண்டு பேரும் போனா ரெண்டு விதமாப் பேசுவோம், அந்த மனுஷன் நடுவுல புகுந்து பிரிச்சுடுவாரு. தூதர்னு ஒருத்தர்தான் இருக்கணும். முழு அதிகாரமும் உனக்குத்தான்" என்று நேசநாட்டை உள்ளே அனுப்பிவிட்டு, தான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். பழக்க தோஷம். கதவு சாத்தினால் வெளியே உட்காரவேண்டும் என்று அவள் உடம்புக்குப் பாடம் ஆகியிருந்தது.

நேசநாடு கண் கலங்கி வெளியே வந்தாளாம். "நமக்காகப் பேசிட்டேன். யோசிக்கறேன்னு சொல்றாரு." அக்கா அவள் தோளைத் தட்டிக்கொடுத்து, குடையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏற்றிவிட்டு வந்தாள். மழையில் குடையை அவள் பக்கமே பிடித்துப் போய் இவள் முழுக்க நனைந்திருந்தாள். நான் துண்டு கொடுத்தேன்.

அப்புறம் விடுமுறை வந்தது. விடுமுறை முழுக்க நேசநாடு சனிக்கிழமை தவறாமல் கடைக்கு வந்தாள். என் கத்தரிக்குக் கீழே கண்ணை மூடித் தூங்கினாள். "என்னடி, ஏதாவது தெரிஞ்சுதா?" என்று அக்கா கேட்டால், "ஒண்ணும் இல்லப்பா, அந்த ஆள் வாயே திறக்க மாட்டேங்கறாரு" என்பாள். தலையை என் கையில் கொடுத்துக்கொண்டே பொய் சொன்னாளே!

கல்லூரி திறந்த அன்று ஆசிரியர்கள் கூட்டம். பிரின்சிபால் எழுந்து, சேர்ந்த துறையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "இனி அறிமுகப் பாடம் முழுவதையும் மேடமே பார்த்துக்கொள்வார்கள். நான் கேட்ட அன்றைக்கே பெரிய மனதோடு ஒப்புக்கொண்டார்கள்" என்று நேசநாட்டைக் கைகாட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். அக்காவும் தட்டினாளாம். அதை அவளே என்னிடம் சொன்னாள். "கை தானாத் தட்டுச்சுடி. அப்புறம்தான் காதுல விழுந்ததுக்கு அர்த்தம் புரிஞ்சுது."

நடைபாதையில் பிடித்துக் கேட்டிருக்கிறாள். நேசநாடு தலையைக் குனிந்துகொண்டு சொன்ன பதில் இது: "முன்னாடியே சொல்லியிருந்தா நீ விட்டிருக்க மாட்ட."

"விட்டிருப்பேனே" என்று அக்கா என்னிடம் சொன்னாள். "அவளுக்குப் பசங்க இருக்கு, கடன் இருக்கு. சொல்லியிருந்தா ரெண்டு நாள் அழுதுட்டு விட்டிருப்பேனே. அதுக்குத்தானே அந்தக் கதவை வச்சேன்!" சொல்லிவிட்டுப் போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். தண்ணீர்ச் சத்தத்தில் அழுதால் எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

அதோடு விட்டாளா? மனுஷனுக்கு மேலே ஆள் உண்டு என்று நம்புகிறவள் ஆயிற்றே. பிரின்சிபாலிடம் போனாள், நிர்வாகத்தைப் பாருங்கள் என்றார். நிர்வாகத்திடம் போனாள், ஆசிரியர் சங்கத்தைக் கேளுங்கள் என்றார்கள். சங்கத்துக்காரர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "இது உங்க துறையோட உள்விவகாரம் மேடம், நாங்க தலையிட முடியாது" என்றாராம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சிரித்தாள். "உள்விவகாரம்! என் பாடத்தையே எனக்கு நடத்தறாங்கடி." நான் சிரிக்கவில்லை.

என் முறை வந்தது. அந்த வாரமே நேசநாடு கடைக்கு வந்தாள். வெட்கம் கெட்டவள், பழைய மாதிரியே நாற்காலியில் வந்து உட்கார்ந்து, "சுழி மறுபடி நிக்குதுடி" என்றாள். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். நான் துணியைக் கழுத்தில் கட்டினேன், முடியைப் பிரித்தேன், பாதி வெட்டினேன். அப்புறம் கத்தரியைக் கீழே வைத்தேன்.

"மீதி?" என்றாள் கண்ணைத் திறந்து.

"மீதியை பிரின்சிபால்கிட்ட போய் வெட்டிக்கோங்க. சொல்லிட்டுத்தான் போகணும்னு என் கையைப் பிடிச்சு ஒத்துக்கிட்டீங்களே, ஞாபகம் இருக்கா? பக்கத்துல உக்காந்து டீயும் குடிச்சுக்கிட்டு முதுகுல குத்தினீங்களே, கை கூசல? எழுந்திருங்க. இனிமே இந்தப் படி ஏறாதீங்க."

ஒரு பக்கம் குட்டையும் ஒரு பக்கம் நெட்டையுமாக அந்தத் தலையோடு தெருவைக் கடந்து நேராக எதிர்க்கடைக்குள் போனாள். அதற்கப்புறம் அவள் நாத்தனார் வரவில்லை, நாத்தனார் மகள்கள் வரவில்லை, கல்லூரி அலுவலகத்துப் பெண்கள் வரவில்லை. நான் அவளுக்குப் போட்ட தடையில் என் கடைதான் ஈ ஓட்டியது. எதிர்க்கடைக்காரி மூன்றாவது விளக்கு மாட்டினாள்.

அக்கா என்னைக் கடிந்துகொண்டாள். "உன்னை யாரு வெடிக்கச் சொன்னா?"

"நீதான். உத்தரவாதம்னியே. நான் சொன்ன சொல்லைக் காப்பாத்தறவ."

அவள் என் கையைப் பிடித்து, கத்தரிப் பிடி அழுத்திக் காய்த்த இடத்தைக் கொஞ்சநேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் ஒருத்தி இருக்கிறாள், அவள் பக்கம் நான் இருக்கிறேன், கடை போனால் போகட்டும் என்று இருந்தது எனக்கு. அந்த வீம்பில்தான் மாதங்களை ஓட்டினேன்.

வேலை போன பிறகு அக்கா முதலில் வீட்டிலேயே கிடந்தாள். பிறகு, "பொது நூலகத்துக்குப் போறேன். ஒரு புத்தகம் எழுதலாம்னு இருக்கேன்" என்றாள். எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. வாரத்தில் சில நாள் காலையில் கிளம்புவாள். நான் சோறு கட்டிக் கொடுப்பேன். வெயில் ஏறுமுன் போ என்பேன். சாயங்காலம் முகத்தில் பழைய களை கொஞ்சம் திரும்பியிருக்கும். எழுத்து நன்றாக ஓடுகிறது போல என்று நான் சந்தோஷப்பட்டேன். விரலில் சாக்பீஸ் தூள்கூட இருந்திருக்கும். நான்தான் பார்க்கவில்லை.

போன வாரம் கல்லூரிப் பெண் ஒருத்தி கடைக்கு வந்தாள். புதுசு, முதல் வருஷம். எதிர்க்கடையில் கூட்டமாம். முன்முடியை வெட்டிக்கொண்டிருக்கும்போது அவளாகவே பேசினாள். "சீக்கிரம் முடிச்சுடுங்க அக்கா. இன்னைக்கு எங்களுக்கு நாடு விளையாட்டு இருக்கு."

"ஓஹோ. அந்த மேடம்தானே நடத்தறாங்க?" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"இல்லக்கா. அவங்க பேர்லதான் பாடம். ஆனா கவுரவ ஆசிரியைன்னு ஒரு மேடம் வர்றாங்க, பெரியவங்க. அவங்க நடத்தினாத்தான் நல்லா இருக்கும். கல்லூரி திறந்து ரெண்டு மாசத்துலயே வந்துட்டாங்களாம். ரெண்டு மேடமும் ஒரே பிளாஸ்க்ல டீ குடிப்பாங்க."

நான் அவள் முடியை ஒழுங்காகத்தான் வெட்டி முடித்தேன். அவள் என்ன செய்தாள், பாவம். காசு வாங்கக்கூட மறந்துவிட்டேன். கடையைச் சாத்தினேன், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நேரே கல்லூரிக்கு நடந்தேன்.

மாடிப் படி ஏறும்போதே இரைச்சல் கேட்டது. வகுப்புக் கதவு சாத்தியிருந்தது. வெளியே பெஞ்சில் இரண்டு பேர். நடுவில் பிளாஸ்க். நேசநாட்டின் தலையில் சுழி குத்திட்டு நின்றது. எதிர்க்கடைக்காரிக்கு அது படியவில்லை. என்னைப் பார்த்ததும் அவள் பிளாஸ்க் மூடியை வைத்துவிட்டு எழுந்து நடைபாதைக் கோடிக்குப் போய்விட்டாள். பயம்தான், வேறென்ன. அக்கா மட்டும் இருந்தாள். நான் காலையில் கட்டிக் கொடுத்த சோற்றுப் பை அவள் காலடியில் இருந்தது.

"வாடி. உக்காரு" என்று பெஞ்சைத் தட்டினாள்.

"நூலகம் இதுதானா?"

அவள் பிளாஸ்க் மூடியை எடுத்துத் திருகினாள்.

"அவ கீழே, அவ பேர்ல, அவ குடுத்த பிச்சை மாதிரி..." பாதியில் நிறுத்திக்கொண்டேன். "சரி, அது உன் இஷ்டம். உனக்கு இந்தப் பிள்ளைங்க வேணும், எனக்குத் தெரியாதா? போய்ட்டுப் போ. ஆனா நான் உனக்காகச் சண்டைக்குப் போனேனேக்கா. என் கடையைப் பாத்தியா, காத்தாடுது. தெருவுல என்கூட ஒருத்தி பேசல. நீங்க ரெண்டு பேரும் என்னைக்கோ ராசியாயிட்டீங்க. நான் மட்டும் இன்னும் போர் நடக்குதுன்னு நெனைச்சுக்கிட்டு அங்க நிக்கறேன். தினம் சோறு கட்டிக் குடுத்தேனே, அப்பக்கூட உன் வாயில வரலையா? ஏன் என்கிட்ட சொல்லல?"

அக்கா கதவைப் பார்த்துக்கொண்டே, தினப்படிப் பேச்சுப் போலச் சொன்னாள்:

"முன்னாடியே சொல்லியிருந்தா நீ விட்டிருக்க மாட்ட."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. கண்ணால் பார்த்தேன். பெஞ்சைத் தட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. எத்தனையோ வருஷம் சாக்பீஸ் பிடித்தவளின் முகம் வெளிறிப்போனதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அடைக்கலம் கொடுத்தவள். நானும் விட்டிருப்பேன். இரண்டு நாள் கத்திவிட்டு, மூன்றாம் நாள் நானே நேசநாட்டைக் கூப்பிட்டு மீதி முடியை வெட்டிவிட்டிருப்பேன். சொல்லியிருந்தால்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. முன்முடி புதிதாக வெட்டிய அதே பெண், கண்ணெல்லாம் ஈரம். அவளுக்கு நான் தெரியவில்லை, பெஞ்சில் இருந்தவளைத்தான் பார்த்தாள். "மேடம், சேர்ந்து இருப்போம்னு கையைப் பிடிச்சுச் சொன்னாங்க மேடம். எங்களுக்குச் சொல்லாமலே அந்தப் பக்கம் போய்ட்டாங்க."

அக்கா எப்போதும் சொல்லும் பதில் ஒன்று இருக்கிறதே, அது வரவில்லை. பெண் நின்றாள். அக்கா அவளையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. காலடியில் இருந்த சோற்றுப் பையைப் பார்த்தாள். உள்ளே யாரோ பெரிதாகச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"உள்ள போய்க் கேளும்மா" என்று நான்தான் சொன்னேன். "வெளிய யாரும் இல்ல."

பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போனாள். நான் படி இறங்கி வந்து கடையைத் திறந்தேன்.